மழை வேண்டாம் என்ற சீட்டு

எங்கள் மாதா கோவில் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. வேண்டுதல்களைச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் அவற்றை மைக்கில் படிப்பது பல வருடங்களாக என் வேலை. பள்ளிக்கூட டீச்சர், உச்சரிப்பு சுத்தம் என்று கொடுத்தார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை மதியம், உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஓர் அம்மா வந்தார். நெற்றி நிறையக் குங்குமம். குதிகால் முழுக்க உப்பு அரித்த வெடிப்பு. உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

"டீச்சர், ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. எனக்கு எழுதத் தெரியாது."

"என்னன்னு எழுதணும்?"

"மழை வேணாம்னு எழுதுங்க. இன்னும் ஒரு மாசத்துக்கு வேணாம். அப்புறம் எவ்ளோ வேணா கொட்டட்டும்."

பீடத்துக்குப் பூ அடுக்கிக்கொண்டிருந்த என் தோழி சிரித்துவிட்டாள். "ஏம்மா, மல்லாட்ட போட்டுட்டு ஊரே வானத்தப் பாத்துனு கெடக்குது. நீ நிறுத்தச் சொல்றியா? உங்க மாரியாத்தாகிட்ட போய்க் கேளேன்."

"அவ மழைக்கே சொந்தக்காரி, நிறுத்துவாளா? உங்க சாமிதான் படகுல நின்னுக்கினு காத்த அடங்குன்னாராம், அடங்கிடிச்சாம். டீச்சர்தான மைக்குல படிச்சீங்க? எங்க உப்புப் பாத்தி வரைக்கும் கேட்டுதே."

திருப்பலி தொடங்கும்முன் பைபிளில் ஒரு பகுதியும் படிப்பேன்; அன்று படித்தது நான்தான். படித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அதை நம்பி ஒருவர் வந்து நிற்பார் என்று நினைத்ததில்லை.

எழுதினேன். ஆனால் அவர் சொன்னதை அல்ல. 'நல்ல மழை பெய்ய வேண்டும்' என்று எழுதினேன். நிலக்கடலை விதைத்த எங்கள் ஆட்கள் எல்லோரும் மழைக்காக வேண்டிக்கொள்ளும்போது இதை எப்படிப் படிப்பது, இவர் எங்கள் கோவிலைச் சேர்ந்தவரும் இல்லையே என்று தோன்றியது. அது மட்டும் காரணமாக இருந்தால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். தோழியைச் சிரிக்கவைக்கவும் ஆசைப்பட்டேன். அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மா சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போட்டார்.

மறுநாள் படித்தேன். அந்த வாரமே மழை கொட்டியது. பாத்திகளில் விளைந்திருந்த உப்பெல்லாம் கரைந்தது. மறுபடி உப்பு பூக்கும்வரை பெண்களுக்கு வேலை இல்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மழைக்குப் பின் காய்ச்சல் பரவியது. கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு டெங்கு. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. "பாக்கலாம்மா" என்பதற்கு மேல் டாக்டர் பேசவில்லை. மகள் பத்து நிமிடம் தாமதமாக வந்தாலே தெருமுனைக்குப் போய் நிற்கிறவள் நான். ஊருக்கெல்லாம் வேண்டுதல் படித்த எனக்கு, அந்த மூன்று நாளும் ஒரு ஜெபம்கூட வாயில் வரவில்லை.

மாற்றுத் துணி எடுக்க ஒரு காலையில் வீட்டுக்கு வந்தேன். கேட் ஓரம் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் கிழித்த காலண்டர் தாள்.

"பொண்ணுக்கு முடியலயாமே. எழுதுங்க டீச்சர், நான் கொண்டுபோய்ப் போட்டுட்றேன்."

பேனாவை எடுத்தேன், மூடியைத் திறக்கவில்லை. "அன்னைக்கு நீங்க சொன்னத நான் எழுதல" என்றேன். அவரை நான் 'நீங்க' என்றது அப்போதுதான்.

"தெரியும்."

"எப்படி?"

"எனக்குப் படிக்கத்தான் தெரியாது. காது கேக்குமே."

"தெரிஞ்சும் என்கிட்டயே வந்தீங்களா?"

"நீங்க எத எழுதுனா என்ன? நான் கேட்டது அவருக்குத் தெரியாதா?"

"ஆனா மழை பேஞ்சுதே."

"பேஞ்சுது. ரெண்டு நாளு அவருகிட்ட நான் பேசவே இல்ல. அப்புறம் வேற யாருகிட்டப் பேசுறது?" என்று சிரித்தார். "எழுதுங்க. பொழச்சு வரணும்னு எழுதுங்க."

எழுதினேன். அவர் தாளை வாங்கவில்லை.

"படிச்சுக் காட்டுங்க" என்றார்.

மகளின் பெயரில் நின்றுவிட்டேன், மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மைக்கில் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. முழுதும் படித்து முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அந்த ஞாயிறு நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வேறொருவர் படித்திருக்கிறார். மறுநாள் அந்த அம்மா பஸ் ஏறி அங்கேயே வந்து சொன்னார்: "நீங்க எழுதுனத அப்படியே படிச்சாங்க டீச்சர். ஒரு வார்த்த மாத்தல."

மகள் பிழைத்து வந்துவிட்டாள். இன்னும் இரவில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இப்போது மறுபடி உப்பு வாரும் காலம். அந்த அம்மா சீட்டு கேட்டு வரவில்லை. நானே எழுதிவிட்டேன், மழை வேண்டாம் என்று, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே. என் கைப்பையில் இருக்கிறது. மல்லாட்டை போட்டவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு ஞாயிறு போய்விட்டது, இன்னும் படிக்கவில்லை.