முதுகுக்கு ஏற்ற ஹேண்டில்

விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு எழுந்தவன் கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தேன். இடுப்புக்குக் கீழே, பின்பக்கத்தின் உள்ளே எங்கோ வலித்தது. இரவு முழுவதும் படுத்திருந்த உடம்பு விடியும்போது இலேசாகியிருக்க வேண்டும். என்னுடையது பலகையாகக் கிடந்தது. முகம் கழுவி, உடுத்து, கொஞ்சம் நடந்த பிறகுதான் இளகியது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கட்டுகஸ்தோட்டையில் வீடு. வத்தேகமைக்கு மேலே தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். பஸ் வத்தேகம டவுனோடு நின்றுவிடும். மேலே ஏற மோட்டார் சைக்கிள்தான். கலியாணத்துக்கு முன் ஆசைப்பட்டு வாங்கிய பைக் அது. ஹேண்டில் தாழ்வானது. முன்னுக்குச் சாய்ந்து, எட்டிப் பிடித்துத்தான் ஓட வேண்டும். வலிக்கு அதுதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

முதலில் பார்த்த வைத்தியர் தசைப்பிடிப்பு என்றார். பைக்கைத் தொடாமல் ஓய்வெடுக்கச் சொன்னார். தவணை விடுமுறை முழுவதும் படுத்தே கிடந்தேன். வலி கூடியது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதுகு வலிக்கிறது என்று மட்டும்தான் அவரிடம் சொன்னேன். படுத்தால் கூடுகிறது, நடந்தால் குறைகிறது என்பது சொல்ல வேண்டிய செய்தி என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இதை வாசிக்கும் உங்களுக்கும் அப்படி மாதக்கணக்கில் இருந்தால், தயவுசெய்து அதைச் சொல்லுங்கள்.

கடைசியில் கண்தான் காட்டிக்கொடுத்தது. ஒரு கிழமை, ஏழு நாளும், வலது கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே குத்தியது. கண் வைத்தியர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "விடியக்காலையில முதுகு இறுகுதா?" என்று கேட்டார். கண்ணைக் காட்டப் போன இடத்தில் முதுகைப் பற்றிக் கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டும் ஒரே நோயின் அடையாளமாக இருக்கலாம் என்றார்.

இரத்தப் பரிசோதனை, ஸ்கேன். பிறகு கண்டி ஆஸ்பத்திரி ஒன்றின் நீண்ட நடைவழியில், வாங்கில் உட்கார முடியாமல் சுவரோரமாக நின்று காத்திருந்தேன். நோயின் பெயர் அன்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ் (முதுகெலும்பின் மூட்டுகள் அழன்று, காலப்போக்கில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும் நோய்). சொன்னவர் யாழ்ப்பாணத்து வைத்தியர், நடுத்தர வயதுப் பெண். என்னைச் சுவரில் முதுகை ஒட்டி நிற்கவைத்தார்.

"பின்தலை சுவரில முட்டுதோ?"

முட்டவில்லை. தலைக்கும் சுவருக்கும் இடையில் அவர் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார்.

மாத்திரைகள், இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊசி, தினமும் உடற்பயிற்சி, தலையணை இல்லாத உறக்கம். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, எழும்பிப் போகாமல் நின்றேன்.

"பைக் ஓட ஏலுமா டொக்டர்?"

"ஓம், ஓடலாம். ஆனா குனிஞ்சு ஓடாதேங்கோ. எந்த நிலையில முதுகை வச்சிருக்கிறியளோ அந்த நிலையிலதான் எலும்பு ஒட்டும். ஒட்டுறதெண்டாலும் நிமிர்ந்தபடி ஒட்டட்டும்."

பிறகு, "கழுத்துத் திருப்பேலாமல் வந்தா நீங்களே நிப்பாட்டோணும். நான் சொல்லும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது" என்றார்.

வீட்டில் ரிஸ்னாவிடம், என் மனைவியிடம், நிமிர்ந்து ஓடலாம் என்ற முதல் பாதியை மட்டும் சொன்னேன். அவள் பைக்கை விற்கச் சொன்னாள்.

"இடமாற்றம் கேட்டு எழுதுங்க. கிட்டத்து ஸ்கூலுக்கு வரலாந்தானே."

"எழுதித்தான் ஈக்கு. அது எப்ப வாரதோ." (எங்கள் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கு', 'இருந்த' என்பது 'ஈந்த'.)

"அதுவரைக்கும் லீவு போடுங்க."

"லீவு போட்டுப் படுத்தா என்ன நடக்கும் என்டு பார்த்த தானே."

அந்த நாட்களில் வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. களைப்பு இந்த நோயின் ஒரு பகுதி என்று பின்னாளில் வாசித்தேன். அது நோயாளியை மட்டும் பிடிப்பதில்லை.

கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருப்பவர் மனோகரன், நாவலப்பிட்டிக்காரர். என் பைக்கை வாங்கிய நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். உயரமான ஹேண்டில் வேண்டும் என்றேன், ஏன் என்றும் சொன்னேன். தன்னிடமிருந்த மூன்றை எடுத்துத் தரையில் வைத்தார். நான் மிக உயரமானதைக் காட்டினேன். நிமிர்வதுதான் மருந்து என்றால், அதிகம் நிமிர்வது அதிக மருந்து என்று என் மனம் கணக்குப் போட்டது.

"இது ஒசரம் ஜாஸ்தி சேர். கை தோளுக்கு வந்துரும்."

"பரவாயில்ல, போடுங்க."

பூட்டி முடித்து ஏறி உட்கார்ந்தேன். முதுகு நிமிர்ந்தது, உண்மைதான். ஆனால் கைகள் நெஞ்சுக்கு மேலே தொங்கின. கராஜ் வாசலை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் விரல்கள் மரத்தன. அதைவிட மோசமானது, ஹேண்டிலை இடது பக்கம் முழுவதும் திருப்பியபோது, நான் முறுக்காமலே இன்ஜின் உறுமியது. பழைய எக்ஸிலேட்டர் கேபிள் நீளம் போதாமல் இழுபட்டிருந்தது. மனோகரன் பாய்ந்து சாவியைத் திருப்பி அணைத்தார்.

"மேல ரோட்டுல வளைவுல இப்படிப் புடிச்சிருந்தா?" என்றார். "கேபிள நானாவது பாத்திருக்கணும். எறங்குங்க."

இறங்கி, அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்தேன். வெட்கமில்லை, கோபமில்லை. இனி ஒன்றையும் தெரிவுசெய்ய முடியாது என்பது போல ஓர் அலுப்பு மட்டும். பைக்கை விற்றுவிடலாம் என்று அன்றுதான் முதன்முறையாக நானே நினைத்தேன்.

மனோகரன் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை வேறு வேலை பார்த்தார். பிறகு ஹேண்டிலே இல்லாத பைக்கில் என்னை ஏற்றினார்.

"கண்ண மூடுங்க. தோள தொங்க விடுங்க. ஓட்டுற மாதிரி கைய நீட்டுங்க. யோசிக்காதீங்க."

நீட்டினேன். கைகள் காற்றில் நின்ற இடம் நான் எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாகவும், என் வயிற்றுக்குக் கிட்டவும் இருந்தது. எனக்கு வேண்டியது வெறும் உயரமல்ல, ஹேண்டில் என்னை நோக்கி வருவது என்று அங்கேதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. பழையதைவிட நான்கு விரல் உயர்ந்து, நுனிகள் பின்னுக்கு வளைந்த ஒன்று மூன்றில் இல்லை. கண்டி டவுனிலிருந்து எடுப்பிக்க ஒரு கிழமை பிடித்தது. கிளட்ச் கேபிள், எக்ஸிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ் மூன்றையும் நீளமானவையாக மாற்றினோம். இன்ஜினை ஓடவிட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஹேண்டிலைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பார்த்தோம். சத்தம் மாறவில்லை. கழுத்தை அதிகம் திருப்பாமல் பின்னால் பார்க்க அகலமான கண்ணாடிகளும் பூட்டினார்.

இதே நோயோடு ஓடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹேண்டில் என் நோயைத் தொடவில்லை. அழற்சியைக் குறைத்தது ஊசி; மூட்டுகளை அசையவைத்தது பயிற்சி. வத்தேகம ஏற்றத்தில் முன்னுக்கு விழாமல் நிமிர்ந்து இருக்க முடிகிறது, அவ்வளவுதான். குழிகளில் இப்போது இருக்கை நேராக இடுப்பில் இடிக்கிறது. அதற்காக மெதுவாக ஓடுகிறேன். காலையில் உடம்பு இளகும்வரை பைக்கைத் தொடுவதில்லை. அதற்காகவே முன்னரைவிட ஒரு மணித்தியாலம் முந்தி எழும்புகிறேன். பள்ளிவாசலில் கதிரையில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். முன்வரிசையில் நிற்கும் என் வயதுக்காரர்களின் முதுகுகளைப் பார்ப்பது முதல் மாதங்களில் கஷ்டமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது என்று சொல்ல முடியாது. பார்க்கிறேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகு எடுத்த படங்களை வைத்தியர் பழையவற்றோடு பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"அப்பிடியேதான் இருக்கு" என்றார்.

"குறையல்லையா டொக்டர்?"

"கூடேல்லை. இது நல்ல செய்தி. விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. நோய் என்றால் ஒரு நாள் தொடங்கி ஒரு நாள் முடியும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். முடியாத ஒன்றோடு நாட்களை எப்படி எண்ணுவது?

அந்த வாரக் கடைசியில் ரிஸ்னா கடுகண்ணாவையிலிருக்கும் தன் ராத்தாவை, மூத்த சகோதரியை, பார்க்கப் போக வேண்டும் என்றாள். முச்சக்கர வண்டியைக் கூப்பிடப் போனேன்.

"பைக்ல போவோம்" என்றாள்.

நோய் தெரிந்த நாளிலிருந்து அவள் அதில் ஏறியதில்லை. முன்பெல்லாம் நான் குனிந்து ஓட, அவளும் என் முதுகின் மேல் சாய்ந்தே வருவாள். இப்போது நான் நிமிர்ந்திருந்தேன், சாய இடமில்லை. அவளும் நிமிர்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பேராதனை தாண்டியதும் பிடி தளர்ந்தது. பிலிமத்தலாவையில் மழை தூறியது. நிற்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ராத்தா வீட்டு வாசலில் அவள் முதலில் இறங்கினாள். காலைத் தூக்கி இறங்க எனக்கு நேரமெடுத்தது. அவள் உதவிக்குக் கை நீட்டவில்லை, உள்ளே போகவுமில்லை; முந்தானையால் முகத்து ஈரத்தைத் துடைத்தபடி நின்றாள்.

"எப்படி ஈக்கு?" என்று கேட்டாள்.

உடம்பைக் கொஞ்சம் கேட்டுப் பார்த்தேன்.

"ஏறக்குள்ள ஈந்த மாதிரியே ஈக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, அவள் கேட்டைத் திறந்தாள்.