நடுவிரலில் வைத்த மை

அறுபதுகளின் தொடக்கத்தில், கொச்சியில் மட்டாஞ்சேரியை ஒட்டிய கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். முதலாளி பாலக்காட்டுத் தமிழர். மூட்டை சுமந்து தொடங்கி, கப்பலுக்கு மிளகு ஏற்றும் அளவுக்கு வளர்ந்தவர். ஐம்பதைத் தாண்டியதும் நகரசபைத் தேர்தலில் நின்றார்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் எங்கள் தராசுக்காரர் செத்துப்போயிருந்தார். மூட்டைகளை இன்னும் ஓர் அடுக்கு ஏற்றச் சொன்னார் முதலாளி.

“வேண்டாம் முதலாளி, தரை நனைஞ்சு கிடக்கு, சரியும்” என்றார் தராசுக்காரர்.

மறுநாள் அவர் மேலேயே சரிந்தது. மிளகுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தோம்.

வாக்குப்பதிவன்று நான் முதலாளியின் ஏஜெண்டாகச் சாவடியில் உட்கார்ந்திருந்தேன். உச்சிவெயில் நேரம். அதிகாரி ஒரு பெயரைப் படித்தார். தராசுக்காரரின் பெயர். நீக்க மறந்துவிட்டார்கள் போல என்று நினைப்பதற்குள் “ஓ” என்று மலையாளத்தில் ஆமென்றது ஒரு குரல். பாதி முகம் மறையத் தலையில் துண்டு போட்ட ஒருவர் இடது கையை நீட்டினார். ஆட்காட்டி விரல் பாதிதான் இருந்தது. தராசுச் சங்கிலியில் சிக்கி எங்கள் ஆளுக்குப் போனதும் அதே விரல்தான். அதிகாரி தயங்கிவிட்டு நடுவிரலில் மை வைத்தார்.

ஆட்சேபம் சொல்வதுதான் என் வேலை. நான் பட்டியலில் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஓட்டைப் போட்டுவிட்டு, தெரிந்தவரைப் பார்த்ததுபோல எனக்குத் தலையசைத்துப் போனார். பிறகு வரிசையில் நின்றவர்களைக் கேட்டேன். அப்படி யாரையும் அவர்கள் பார்க்கவில்லை.

முதலாளி ஜெயித்தார். வெடிச்சத்தத்துக்கு நடுவே விஷயத்தைச் சொன்னேன். மாலையைக் கழற்றினார்.

“எந்த விரல்னு சொன்னே?”

மறுநாள் பள்ளுருத்தியிலிருந்த தராசுக்காரர் வீட்டுக்கு இருவரும் போனோம். சாவுக்குக்கூட முதலாளி போகாத வீடு. தராசுக்காரரின் மனைவி சாயா கொடுத்தார்.

“அவருக்கு அண்ணன் தம்பி உண்டா?”

“இல்ல முதலாளி. ஒத்தை ஆளு.”

முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். “அடுக்கு வேண்டாம்னு அவர் சொன்னார். நான்தான் கேக்கல.”

“அறியும், எனக்குத் தெரியும்” என்றார் அந்த அம்மா. “அன்னைக்குக் காலையில வேலைக்குப் போகும்போ எங்கிட்ட சொன்னார். நீங்க எப்ப வந்து சொல்வீங்கன்னுதான் காத்திருந்தேன்.”

அதன்பிறகு கிடங்கில் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு மேல் ஏறவில்லை. நகரசபையில் சுமைதூக்குபவர்களுக்காக முதலாளி நன்றாகவே பேசினார். ஆனால் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றார்.

ஒருநாள் என்னிடம் மட்டும் கேட்டார்: “அந்த ஓட்டு எனக்குத்தான் விழுந்துதா?”

தெரியாது என்றேன்.