சுவரை ருசி பார்க்கிறவர்

ஸாலிஹ் நானா என் வீட்டு முன்சுவரிலிருந்து கடுகளவு சாந்தை நகத்தால் பெயர்த்து நாக்கில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். ரசத்துக்கு உப்புப் பார்க்கிற கலியாண வீட்டுச் சமையற்காரர்போல இரண்டு தரம் சப்புக்கொட்டினார். பிறகு என் ரோசாச் செடிப் பக்கமாகத் துப்பிவிட்டு, "நல்ல ஆத்து மணல். பயமில்ல, படுத்து ஒறங்குங்கொ" என்றார்.

"ஏன் நானா, வீட்டில சாப்பாடு தாறேல்லையோ?" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மனிதர் வந்து வீட்டுச் சுவரைத் தின்றால் வேறென்ன கேட்பது? அவர் சிரிக்கவில்லை. நகரசபையில் இருபத்திரண்டு வருஷமாகக் கட்டட ஓவர்சியர். எந்தப் பகிடிக்கும் வயிறு குலுங்கச் சிரிப்பார். தம் வேலையைப் பற்றிய பகிடி மட்டும் அவருக்கு ஆகாது.

கொட்டாஞ்சேனையில் அவரைத் தெரியாதவர் இல்லை. சிவப்புத் துருக்கித் தொப்பி, இடுப்பில் வெள்ளைச் சாரம், மேலே ஒரு காக்கிக் கோட்டு. கோட்டின் வலது பை எப்போதும் முழங்காலை நோக்கித் தொங்கும். உள்ளே, சுவரின் நேர் பார்க்கிற ஈயத் தூக்குக்குண்டு. இடது பையில் பழைய டிராம் டிக்கெட்டுகளும், மூக்குப்பொடி டப்பா ஒன்றில் மனைவி ஷபீகா காய்ச்சிக் கொடுத்த மாப்பசையும். நடக்கும்போது தரையைப் பார்க்கவே மாட்டார். கூரையையும் மூலைகளையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய், மாதம் ஒரு தரமாவது தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் காலை விடுவார். சேறு பிடித்த சாரத்தை அலசி அலசியே ஷபீகாவின் கை தேய்ந்துவிட்டது.

சுவரை நக்கும் பழக்கத்துக்குக் காரணம் வெள்ளவத்தை. இந்த இரண்டு மூன்று வருஷமாக அங்கே காலி வீதியின் இரு மருங்கிலும் வீடு கட்டுகிறார்கள், கட்டுகிறார்கள், அப்படிக் கட்டுகிறார்கள்! கூப்பிடு தூரத்தில் கடல். வண்டில்காரன் களனி கங்கைக்குப் போய் மணல் அள்ளி வருவதற்குள் கடற்கரை மணலை நாலு நடை இறக்கிவிடலாம். சுவர் எழும்பி, வெள்ளையும் அடித்துவிட்டால் எந்த மணல் என்று யாருக்குத் தெரியும்? நாக்குக்குத் தெரியும். "கடல் மணல்ல கட்டின வூடு வெயிலுக்கும் வேர்க்கும்" என்பார் ஸாலிஹ் நானா. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறதாம். சாந்து இறுகாமல் பொருக்குத் தட்டி உதிர்ந்து, உள்ளே வைத்த இரும்பையும் துரு தின்றுவிடுகிறதாம்.

கிளறன்ஸ் என்று, வீடு கட்டிக்கொடுக்கிற கொந்தராத்துக்காரர் ஒருவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நோன்பு மாதம் வரட்டும் என்று காத்திருந்து, அது பிறந்த மறுநாளே கடல் மணலைக் கொண்டுவந்து குவித்தார். பகலில் ஓவர்சியரின் நாக்குக்கு லீவுதானே! ஸாலிஹ் நானா வந்தார். குவியலைச் சுற்றி நடந்தார். ஒரு சிட்டிகை எடுத்து கிளறன்ஸின் உள்ளங்கையில் வைத்தார்.

"நான் நோம்பு. நீங்க நக்கிப் பாருங்கொ மிஸ்டர் கிளறன்ஸ்."

மேசன்மாரும் கூலியாட்களும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். கிளறன்ஸ் நக்கினார். முகம் போன போக்கைப் பார்த்து சாந்து குழைக்கிற பெண் ஒருத்தி சிரித்தேவிட்டாள். அன்று பின்னேரமே மணல் வந்த வழியே கடலுக்குத் திரும்பிப் போயிற்று.

டிராம் டிக்கெட் சங்கதி வேறு. பழைய வீட்டுச் சுவர்களில் வெடிப்பு இல்லாமல் இராது. வெடிப்பு என்றதும் எல்லாம் ஆபத்தும் அல்ல. சில வெடிப்புகள் நமக்கு முன்னே பிறந்து நமக்குப் பின்னும் இருக்கும். ஓடுகிற வெடிப்பா, நின்றுவிட்ட வெடிப்பா என்பதுதான் கேள்வி. அதற்காக ஸாலிஹ் நானா வெடிப்பின் குறுக்கே ஒரு டிக்கெட்டை ஒட்டி, அதன்மேல் பென்சிலால் தேதி எழுதிவிட்டுப் போவார். மாதம் கழித்து வந்து பார்ப்பார். டிக்கெட் முழுசாக இருந்தால் சுவர் நின்ற இடத்தில் நிற்கிறது. கிழிந்திருந்தால் சுவர் நகர்கிறது. நல்ல யோசனை. ஆனால் அந்த யோசனையே சென்ற வருஷம் ஓர் உயிரைக் குடிக்கப் பார்த்தது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஹியூபேட் முதலாளியின் ஆறு வீட்டு லைன் இருக்கிறது. செந்நிறக் கபுக் கல்லால் கட்டியது. கடைசி அறையில் ஆறாயி குடியிருக்கிறாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம்; புருஷன் அழகுமுத்து துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி சுமக்கிறான். வாடகைக்கு இன்னும் இரண்டு அறை கிடைக்குமே என்று முதலாளி அந்தக் கோடியில் மேலே ஒரு தட்டு எழுப்பினார்; அதில் இன்னும் யாரும் குடிவரவில்லை. போதாக்குறைக்கு மேற்கூரைத் தண்ணீர் முழுவதும் கடைசிச் சுவரின் அடியிலேயே விழும்படி பீலியையும் வைத்தார். சித்திரையில் சுவரில் ஒரு வெடிப்புக் கண்டது. ஸாலிஹ் நானா டிக்கெட் ஒட்டினார். ஒட்டியவர் கிளம்பும்போது, பிள்ளைகள் விளையாட்டாகப் பிய்த்துவிடக்கூடாதே என்று, குரலைக் கொஞ்சம் உயர்த்தி ஒரு வார்த்தை சொன்னார்.

"இது கவர்மெந்துக் கடுதாசி. கிழிஞ்சிச்செண்டா கேஸ்!"

வைகாசி நடுவில் அவர் மறுபடி வந்தார். தெற்கே தெஹிவளைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. துணைக்கு, அதாவது குடை பிடிக்க, என்னையும் இழுத்துக்கொண்டு போனார். டிக்கெட் ஒட்டியபடியே இருந்தது. தேதியும் இருந்தது. "மாஷா அல்லாஹ், நிண்டுட்டுது" என்று திரும்பியவர், திரும்பியபடியே நின்றார். தரையிலிருந்து ஓர் எறும்பு வரிசை சுவரில் ஏறி, டிக்கெட்டுக்கு அடியில் புகுந்துகொண்டிருந்தது.

நகத்தால் மெல்லக் கிளப்பினார். உள்ளே சோற்றுப் பருக்கை. அதற்கும் கீழே இன்னொரு டிக்கெட், நடுவில் கிழிந்தது. அதற்கும் கீழே இன்னொன்று. எல்லாவற்றுக்கும் அடியில் அவர் ஒட்டிய டிக்கெட் இரண்டு துண்டாகி, துண்டுகளுக்கு நடுவில் என் பெருவிரல் நுழையும் இடைவெளி.

"ஆரு இது ஒட்டின?"

ஆறாயி கைகூப்பினாள். "நாந்தாங்க ஐயா. தானாத்தாங்க கிழிஞ்சுச்சு, சாமி சத்தியமா யாரும் தொடலீங்க. கேசுன்னு சொன்னீங்களே... டிராம் நிக்கிற எடத்துல பொறுக்கியாந்து, சோத்த வச்சு ஒட்டிப்புட்டேன். மூணு தடவைங்க."

எழுதப் படிக்கத் தெரியாதவள். அவர் எழுதியிருந்த தேதியை ஒவ்வொரு தடவையும் கோலம் பார்த்துப் போடுவதுபோலப் பார்த்து வரைந்திருக்கிறாள். ஒரு சுழி பிசகவில்லை. அந்தச் சுவரில் செருகிய உத்திரத்தில்தான் அவளுடைய கைக்குழந்தையின் சேலைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு வெளியே ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது, மறைப்பானேன்!

ஸாலிஹ் நானா தொப்பியைக் கழற்றினார். "என்ட பிழ மகள். கிழிஞ்சா வந்து செல்லு எண்டு செல்லாம, கேஸ் எண்டு பயங்காட்டிட்டன். ஒன்ட மேல ஒரு குத்தமும் இல்ல. புள்ளயத் தூக்கு" என்றார்.

குழந்தையைத் தூக்கினாள். ஆனால் வாசலைத் தாண்டமாட்டேன் என்றாள். அவள் மட்டுமா, ஆறு வீட்டாரும் அப்படித்தான் நின்றார்கள். ஒரு தரம் வெளியே போனால் முதலாளி கதவைப் பூட்டுவார். சுவரைக் கட்டிய பிறகு கூடின வாடகைக்கு வேறு ஆளை வைப்பார். பிறகு எந்தத் தெருவில் போய் நிற்பது? நடக்காததையா சொன்னார்கள்? இதற்குள் செய்தி கேட்டு ரிக்‌ஷாவில் ஹியூபேட் முதலாளியும் வந்து இறங்கினார்.

"நாப்பது வருஷமா நிக்கிற சுவர் ஓவர்சியர். மேல ஒரு தட்டுத்தானே ஏத்தினேன்!"

"நாப்பது வருஷமும் ஒரு தட்டத்தானே தாங்கின. இப்ப உங்கட தோள்ல நான் ஏறி ஒக்காருறன், எவ்வளவு நேரம் நிப்பீங்க, பாப்பமா?" என்றார் ஸாலிஹ் நானா. கேட்டதோடு நிற்காமல் சாரத்தையும் மடித்துக் கட்டினார். முதலாளி இரண்டடி பின்னால் போனார்.

பிறகு நானா தம் நோட்டீஸ் புத்தகத்தை எடுத்து, என் முதுகை மேசையாக்கி எழுதத் தொடங்கினார். ஆறு தாள். சுவரைத் திருத்திய பின் இன்ன கதவு இன்னாருக்கே, அதே வாடகைக்கே என்று ஒவ்வொன்றிலும் எழுதி, முதலாளியை நோக்கி நீட்டினார். ஒப்பம் வைத்தால் ஒரு சுவரோடு போகும். மறுத்தால் லைன் முழுவதையும் மூடுவதற்கு எழுதவேண்டிவரும் என்றார். முதலாளி என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஒப்பம் வைத்தார். சாட்சிக்கு நான்.

"அப்படி ஒரு தாள் சட்டத்தில இருக்கோ நானா?" என்று பிறகு காதோடு கேட்டேன்.

"இப்ப ஈக்கிதே" என்றார்.

பொழுது சாய்வதற்குள் ஆறு குடும்பமும் சட்டிபானையோடு பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய்விட்டன. மறுநாள் காலை பத்து மணிக்கு, கொட்டுகிற மழையில், சுவர் விழுந்தது. நான் பார்த்தேன். முதலில் அடியில் கொஞ்சம் செம்மண் கரைந்து ஓடியது. பிறகு மேல்தட்டு அப்படியே முழங்கால் மடித்து உட்கார்ந்தது. தொட்டில் தொங்கிய இடத்தில் உத்திரம் குறுக்கே கிடந்தது. ஒரு பூனைக்குக்கூடக் காயமில்லை. மண்டபத்திலிருந்து ஓடிவந்து நின்றவர்களின் தலைகளை ஸாலிஹ் நானா மழையில் நனைந்துகொண்டே எண்ணினார். இருபத்தொன்பது வந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினார்.

ஆவணியில் புதுச் சுவர் எழுந்தது. மேல்தட்டு இல்லை. பீலி தெருக் கானுக்குத் திருப்பப்பட்டது. அத்திவாரம் தோண்டிய நாளிலிருந்து நானா தினமும் வந்து நின்று, ஒவ்வொரு வண்டில் மணலையும் ருசி பார்த்தே இறக்கவிட்டார். முதலாளியும் வாக்குத் தவறவில்லை. தாளைப் பார்த்து ஆறு கதவையும் உரியவர்களுக்கே திறந்துவிட்டார். ஐந்து குடும்பம் உள்ளே போயிற்று. ஆறாயி மட்டும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அழகுமுத்து கெஞ்சினான், அதட்டினான். அவள் கால் அசையவில்லை.

"சுவர் நல்ல சுவர் மகள். நான் எழுதித் தாறன்" என்றார் ஸாலிஹ் நானா.

"எழுதிக் குடுத்தா சுவருக்குத் தெரியுமாங்க ஐயா?" என்றாள். துடுக்கில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது. "கண்ண மூடுனா அந்த உத்திரந்தாங்க வருது."

நானா அழகுமுத்துவிடம் ஒரு பாய் கேட்டார். கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்து வைத்து, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, பாயைப் புதுச் சுவரோரமாக விரித்தார். தூக்குக்குண்டு இடிக்கிறதென்று கோட்டைக் கழற்றிச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, சுவருக்கு ஒரு முழம் விட்டுப் படுத்தார். நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் குறட்டை கேட்டது. ஆவணி வெயிலில் நாள் முழுக்க நின்ற மனிதர், நிஜமாகவே தூங்கிப்போனார்.

ஆறாயி பார்த்துக்கொண்டே நின்றாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பிறகு மெல்ல உள்ளே போய், குனிந்து, குழந்தையை அவருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு முழத்தில் கிடத்தினாள்.