மாஸ்டர் நிறுத்திய கூட்ஸ் வண்டி

போன வாரம் தென்காசிக்குக் கிளம்பி எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு நடந்தேன். கதவில் பூட்டுத் தொங்கியது. யுத்தத்தை முன்னிட்டு வண்டிகளைக் குறைத்து, ஸ்டேஷனையும் மூடிவிட்டார்களாம். ஊர்ப் பெயர்ப் பலகையைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் கட்டடம் எப்படி வந்தது தெரியுமா? தென்காசி-விருதுநகர் பாதை போட்டபோது எங்கள் வயல்கள் இரண்டாகப் பிளந்தன. குளத்து வாய்க்கால் அடைபடும் என்று ஊரார் சண்டைக்கு நின்றார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தத்தான் இந்த ஸ்டேஷன் - இரண்டு அறை, ஓட்டுக் கூரை, மணிக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டு.

ஸ்டேஷன் மாஸ்டராக வந்தவர் ராமநாதன், தஞ்சாவூர்ப் பக்கம். சட்டம் என்றால் சட்டம். ஒருநாள் நான் கல்யாணக் கோஷ்டியோடு ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே பாசஞ்சரை அனுப்பிவிட்டார். விடுவேனா? 'இஷ்டப்படி வண்டி விடுகிறார், ஊராரை மதிப்பதில்லை' என்று மேலிடத்துக்கு மனு எழுதினேன். பாதி பொய். ஊரே கையெழுத்துப் போட்டது.

அடுத்த ஆடியில் என் தங்கை செல்லம்மாளுக்குப் பிரசவ வலி. இரண்டு நாளாகியும் பிள்ளை பிறக்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்றால், மலையில் கொட்டிய மழையால் வழியிலிருந்த ஆற்றில் மாட்டுவண்டி இறங்க முடியாது. பாசஞ்சர் வர மாலையாகும். அரை மணியில் ஒரு கூட்ஸ் உண்டு... ஆனால் எங்கள் ஊரில் அது நிற்காது.

மாஸ்டர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. தரையைப் பார்த்தே சொன்னேன்.

"ஸார், தங்கச்சி சாகக் கிடக்கா. கூட்ஸ நிறுத்துனாதான் உண்டு."

மனுவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"கட்டிலோட தூக்கிண்டு வாங்கோ. வண்டி நிக்கும்."

கைகாட்டி இறங்கினால்தான் வண்டி மேலே போகலாம்; அதை இறக்காமல் வண்டியை நிறுத்தினார். கூட்ஸின் கார்டு சட்டம் பேசினார். பொறுப்பு தன்னுடையது என்று மாஸ்டர் எழுதிக் கொடுத்தார். கார்டு பெட்டியில் செல்லம்மாளை ஏற்றினோம்.

டாக்டரம்மா தாயைக் காப்பாற்றினார். பிள்ளை தங்கவில்லை.

பிறகு விசாரணை. சாட்சி சொல்ல நானும் போனேன். மாஸ்டர் எதையும் மறைக்கவில்லை. அதிகாரி இளகியதுபோல்தான் தெரிந்தது. அப்புறம் ஃபைலைப் புரட்டினார் - உள்ளே என் மனு. 'இஷ்டப்படி வண்டி விடுகிறார்' என்ற வரியை எனக்கே படித்துக் காட்டினார். அது பொய் என்று சொன்னேன். அன்று எழுதியது பொய்யா, இன்று சொல்வது பொய்யா என்று கேட்டார்.

பதவியைக் குறைத்து, எங்கோ தூரத்து ஸ்டேஷனுக்கு மாஸ்டரை மாற்றினார்கள். வழியனுப்பப் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர்தான் பேசினார்.

"தங்கை நடமாடறாளா?"

"நடக்கா ஸார்."

"அது போறும்" என்று வண்டி ஏறிவிட்டார்.

அவருடைய விலாசம் என்னிடம் இருக்கிறது. வாராவாரம் பத்திரிகையில் உங்களுக்கு இத்தனை எழுதுகிறேனே... அவருக்கு இன்றுவரை ஒரு வரி எழுதியதில்லை.