மூன்று பேர் நின்ற படம்

சித்திரை பிறந்ததும் அக்கா தங்கைகள் மூவரும் ஊர் சுற்றிப் பார்க்கப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினோம். சோற்றுத் தூக்கைச் சுமக்க, தாயில்லாத சித்தப்பா மகளையும் கூட்டிப்போனோம். மியூசியம் பார்த்து, ஐஸ் தின்று, போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனோம். அவளை வாசலிலேயே உட்காரச் சொன்னேன்.

"மூணு பேரா நின்னு எடுத்தா ஆகாதுங்க, ஒருத்தருக்கு ஆயுசு கொறையும்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

உடனே அவளை உள்ளே இழுத்து என் பக்கத்தில், ஓரமாக நிறுத்தினேன். பூரித்துப்போய் என் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

படம் வந்ததும் அவளைக் கத்தரித்து எறிந்துவிட்டு, பிரேம் போட்டு மாட்டினேன்.

வீட்டுக்கு வந்தவள், "நான் நல்லா விழுந்திருக்கேனாக்கா?" என்று கேட்டாள்.

"நீ விழவே இல்லடி."

அவள் சுவரைப் பார்த்தாள். படத்தில், என் தோள்மேல் அவளுடைய நான்கு விரல்கள் இருந்தன.