எல்லோரும் என்பது ஒருமை

பிற்பகல் மூன்றே கால் மணிக்கு என் மகன் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஒரு வசனத்தைப் பிழையாகச் சொன்னான். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் சந்தைப் பக்கமிருந்து ஒரு வெடிச்சத்தம் கேட்டது. எங்களுக்கு எல்லாம் பிழையாகத் தொடங்கியது அந்த நேரத்தில்தான். ஆனாலும் இன்றைக்கு எனக்கு முதலில் ஞாபகம் வருவது வெடி அல்ல, சிரிப்பு.

ஓர்ஸ் ஹில் சரிவில், உள்துறைமுகத்தின் ஒரு துண்டு தெரிகிற, ஆங்கில மாஸ்டரின் வளவு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, பிள்ளைகள் இருக்க எட்டுப் பத்து மர வாங்குகள், ஒரு கரும்பலகை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் படிக்க அங்கேதான் பிள்ளைகள் போனார்கள். நான் பக்கத்து அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். என் கணவருக்கு மூதூரில் வேலை. லோஞ்ச் படகு ஓடினால் வருவார், ஓடாவிட்டால் குடாவுக்கு அந்தப் பக்கமே இருப்பார். ஆகவே ரியூசன் நாட்களில் நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு அந்த வீட்டு விறாந்தையில் கதிரை போட்டுக் காவல் இருந்தேன். பதினாறு வயதுப் பையனைத் தெருவில் தனியே விடுகிற காலமாக அது இருக்கவில்லை. என் பக்கத்தில் எங்கள் அலுவலகத் தட்டெழுத்தாளரும் இருப்பாள். அவளுடைய மகனும் அதே வகுப்பு.

மாஸ்டருக்குப் பிள்ளைகளின் பெயர்கள் தெரியாது. தெரிந்துகொள்ள மாட்டேன் என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். "பேர் உங்கட கொப்பர் வைச்சது. இஞ்ச வைக்கிறது நான்" என்பார். வைப்பதெல்லாம் ஆங்கில இலக்கணத்துச் சொற்கள். முன் வாங்கில் இருந்து சரியாகப் பதில் சொல்கிறவர்கள் சம்வன். நடுவில் இருக்கிறவர்கள் எனிவன். எழுதிக் கொடுப்பதெல்லாம் பிழையாகிறவர்கள் நோவன், ஒருத்தருமில்லை. எல்லோரையும் சேர்த்து ஏசும்போது எவ்ரிவன். தாய்மாருக்கு இது பிடித்திருந்தது. குத்துகிற வாத்தியார்தான் படிப்பிக்கிற வாத்தியார் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. "என்ர மகன் இந்த மாசமும் சம்வன், அக்கா" என்று தட்டெழுத்தாளர் அலுவலகத்தில் சொல்லும்போது, ஏதோ பதவி உயர்வுக் கடிதம் வந்தது போல இருக்கும்.

என் மகன் தைப்பொங்கலுக்குப் பிறகு நோவன். அவனுக்கு அதில் வருத்தமில்லை. "நோவனா இருக்கிறதில ஒரு சுகம் இருக்கு அம்மா. சேர் கேள்வியே கேக்க மாட்டார்" என்று சிரிப்பான்.

அன்றைக்குக் கேட்டார். அன்றைய பாடமே அந்தச் சொற்கள்தான்.

"எவ்ரிவன் எண்டால் எத்தினை பேர்?"

"எல்லாரும், சேர்."

"எல்லாரும் எண்டால்?"

"கனபேர், சேர்."

"தமிழுக்குத்தான் கனபேர். இங்கிலீசுக்கு ஒராள். எவ்ரிவன் இஸ். ஆர் எண்டு எழுதினவை கையைத் தூக்குங்கோ பாப்பம். ஓகோ, எவ்ரிவன் ஆர் முட்டாள்ஸ்."

யார் என்று தெரியாத, ஆனால் நிச்சயமாக இருக்கிற ஒருவர் சம்வன். இருக்கிறாரோ இல்லையோ என்றே தெரியாதவர் எனிவன். கேள்வியில் வருவார், மறுப்பில் வருவார், சும்மா வரமாட்டார். நோவனுக்குப் பக்கத்தில் இன்னொரு இல்லை போடக் கூடாது. இதையெல்லாம் அவர் நன்றாகத்தான் சொன்னார். விறாந்தையில் இருந்த எனக்கே அன்றைக்குத்தான் சில சந்தேகங்கள் தீர்ந்தன.

ஒரு பையன் எழும்பினான். "சேர், சம்வனும் சம்பொடியும் ஒண்டோ?"

"ஒண்டுதான்."

"சம்பொடி எண்டால் ஆற்றையோ பொடி இல்லையோ, சேர்?"

கொட்டகை அதிர்ந்தது. அந்த வருஷங்களில் எங்கள் பேச்சில் பொடி என்றால் பிரேதம், யாரோ ஒருவருடையது. லொறியில் வருவது, கரையில் ஒதுங்குவது. மாஸ்டரும் சிரித்தார். "ஆற்றை எண்டு தெரியாட்டிச் சம்பொடி. தெரிஞ்சால் செத்தவீடு. இரு, மோடா." பிறகு கடைசி வாங்கைப் பார்த்தார். "நோவன், எழும்பு. ஒருத்தரும் வரேல்லை. இங்கிலீசில சொல்லு."

மகன் எழுந்தபோது நான் பார்த்தது அவனுடைய கால்களை. வெள்ளைத் துணிச் சப்பாத்து, நான் கழுவி வெள்ளை பூசிக் காயவைத்தது. ஒன்றின் நாடா அறுந்து போனதால் தையல் பெட்டியில் கிடந்த நீல நாடாவைக் கோத்து விட்டிருந்தேன். தட்டெழுத்தாளர் நாங்கள் வந்ததுமே அதைக் கண்டுவிட்டாள். "என்னக்கா, ஒரு காலுக்கு நேவி நீலமோ? மற்றக் காலுக்கு ஆமிப் பச்சை போட்டுவிடுங்கோவன். சோதனைச் சென்றியில மறிக்க மாட்டாங்கள்."

"எனிவன் டிட் நொட் கம்" என்றான் மகன்.

"ஒருத்தரும் எண்டதை முதல் வைச்சு, இல்லையைக் கடைசிவரைக்கும் ஒளிச்சு வைக்கிறது தமிழன்ர புத்தி. இங்கிலீஸ்காரன் வாயைத் திறக்கேக்கையே இல்லை எண்டிடுவான். நோவன் கேம். உன்ர பேரைத்தானேடா கேட்டனான்? அதுகூடத் தெரியாதோ உனக்கு?"

சிரித்தார்கள். வெடித்தது.

கால்மணி நேரத்துக்குள் ஒழுங்கையின் இரண்டு முனையிலும் சிப்பாய்கள் நின்றார்கள். பெண்பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பையன்களையும் மாஸ்டரையும் கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டவைத்து விளையாட்டு மைதானத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். தாய்மார் நாங்கள் பின்னால் ஓடிப்போய்க் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மைதானத்தில் ஒரு லொறி, ஒரு ஜீப். ஜீப்புக்குள் தலையாட்டி. தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் சாக்கு மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. பிடிபட்ட யாரையாவது அப்படி இருத்தி, சனத்தை ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்கவிடுவார்கள். சாக்கு மேலும் கீழும் அசைந்தால் ஆள் இயக்கத்துக்காரன் என்று லொறிப் பக்கம், அசையாவிட்டால் மறுபக்கம். உள்ளே இருப்பது ஆர் என்று ஒருவருக்கும் தெரியாது. அவனுக்கு எங்கள் எல்லோரையும் தெரியும்.

மாஸ்டரின் மாணவர்களில் இரண்டு பேருக்குச் சாக்கு அசைந்தது. என் மகனுக்கு அசையவில்லை. நான் வேலிக் கம்பியில் நெற்றியை வைத்து மூச்சுவிட்டேன்.

ஆனால் அதிகாரிக்கு அது போதவில்லை. அசையாத பையன்களின் அடையாள அட்டைகளையெல்லாம் வாங்கிக் கையில் அடுக்கி வைத்துக்கொண்டு மாஸ்டரைக் கூப்பிட்டார். ஒவ்வொரு பையனையும் காட்டிப் பெயர் சொல்ல வேண்டும். பெயர் அட்டையோடு ஒத்துப்போனால் பையன் வீட்டுக்குப் போகலாம். படிப்பித்தவர் பொறுப்பு எடுத்தால் போதும் என்பது அந்த நாட்களில் வழக்கம்தான். அப்படி வெளியே வந்தவர்கள் பலர்.

மாஸ்டர் நல்ல ஆங்கிலத்தில் தொடங்கினார். முன் வாங்குப் பையன்களின் தகப்பன்மாரை அவருக்குத் தெரியும். தகப்பன் பெயரில் தொடங்கி மகன் பெயருக்கு எப்படியோ வந்து சேர்ந்தார். தட்டெழுத்தாளருடைய மகன் வேலிக்கு வெளியே வந்துவிட்டான். நடு வாங்குகளுக்கு வரும்போது அவர் குரல் இறங்கியது. ஒருவனுக்கு அவன் உதட்டைப் பார்த்துச் சொன்னார். இன்னொருவன் தானே மெல்ல முணுமுணுத்துக் கொடுத்தான். அதிகாரி கண்டுவிட்டார். அதற்குப் பிறகு பையன்களை முதுகு காட்டி நிற்கச் சொன்னார்.

கடைசியாக என் மகனின் முதுகு.

நான் அவன் பெயரைக் கத்தினேன். லொறியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கேட்கவில்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. மறுபடி கத்தினேன். ஒரு சிப்பாய் துவக்கின் பிடியால் வேலியில், என் விரலுக்கு மிக அருகில், அடித்தான்.

மாஸ்டர் ஒரு பெயரைச் சொன்னார். அது என் மகனின் பெயர் இல்லை.

அதிகாரி அட்டையைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், சிரித்தார். இன்னும் ஒரு முறை சொல்லச் சொன்னார். மாஸ்டர் இன்னொரு பெயரைச் சொன்னார். அதுவும் இல்லை. கன்னத்தில் விழுந்த அடியில் மாஸ்டரின் கண்ணாடி புல்லில் விழுந்தது. அவர் குனிந்து தேடிக்கொண்டிருக்கும்போதே என் மகனை லொறியில் ஏற்றினார்கள்.

நான் மைதான வாசலுக்கு ஓடினேன். அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "வாத்தியாருக்குத் தெரியாது" என்றார். "அது என்ர பிள்ளை, ஐயா." "அம்மாமாருக்கு எல்லாம் பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் விடியவே மாஸ்டர் எங்கள் படலையில் நின்றார். கண்ணாடியின் ஒரு பக்கம் நூலால் கட்டியிருந்தது. "தங்கச்சி, பிள்ளையின்ர பேரை முழுசாச் சொல்லுங்கோ. நான் முகாமுக்குப் போய்ச் சொல்லிப் பாக்கிறன்" என்றார். சொன்னேன். வாய்க்குள் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். முகாம் வாசலில் அவரை ஒருவரும் உள்ளே விடவில்லை. நானும் போய் நின்றேன். "ஆராவது வந்து சொல்லுவாங்கள்" என்றான் காவலுக்கு நின்றவன். அடுத்த நாளும் அதையே சொன்னான். சாக்கு அசைந்த அந்த இரண்டு பையன்களின் தாய்மாரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவரோடு ஒருவர் நாங்கள் கதைக்கவில்லை.

பிறகு நான் அலுவலகத்துக்குப் போகத் தொடங்கினேன். வீட்டில் இருக்க ஏலாது. ஒரு காலை தட்டெழுத்தாளர் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, தம்பலகாமத்தில நேற்று ஆமி சுத்தி வளைச்சவங்களாம். என்ர தங்கச்சி வீட்டடியும். புதுத் தலையாட்டியாம். ஒல்லிப் பொடியனாம்."

"சாக்குக்குள்ள எப்பிடித் தெரியும்?"

"சாக்கு முழங்கால் மட்டும்தானே. கீழ வெள்ளைச் சப்பாத்தாம்." குரலைத் தாழ்த்தினாள். "ஒண்டில நீல நாடாவாம்."

நான் கையிலிருந்த கோப்பை மூடினேன்.

"எத்தினை பேருக்குத் தலையாட்டினவனாம்?" என்று கேட்டேன். என் குரல் சாதாரணமாக இருந்தது.

"ஆருக்கோ."

"ஆருக்கோ எண்டால்?"

"ஆருக்கோ எண்டால் ஆருக்கோதான் அக்கா. ஏத்திக்கொண்டு போயிருக்கிறாங்கள். எனக்கென்ன தெரியும்." தன் இடத்துக்குப் போய்த் தாளைச் செருகினாள். பிறகு, இயந்திரத்தைப் பார்த்தபடி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "ஆற்றை பிள்ளையோ. பெத்தவள் விளங்குவாளே? மண்ணாய்ப் போவாள்."

அறையில் இருந்த ஒருவர் "ஓம், ஓம்" என்றார். நானும் தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன். பகல் முழுவதும் அவள் தட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் தாளில் ஒரு பிழையும் வரவில்லை என்று அலுவலகப் பெரியவர் பாராட்டினார்.

இதை எழுதும்போது என் மகன் குளிர் நாடு ஒன்றில் என் தம்பியோடு இருக்கிறான். அவனுடைய ஆங்கிலம் இப்போது மாஸ்டருடையதைவிடச் சரி. தொலைபேசியில் "எல்லாரும் சுகமோ" என்று அவன் கேட்டால், நான் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பதில் சொல்கிறேன். தம்பலகாமத்தைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. அங்கே ஏற்றப்பட்டவர்கள் ஆர் என்று நான் விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் பெயர்கள் வரும்.

அவன் திரும்பி வந்தது ஒரு மத்தியானம். லோஞ்ச் மறுபடி ஓடத் தொடங்கி, என் கணவர் வந்து முன்னறையில் இருந்தார். நான் குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். படலை திறந்த சத்தம் கேட்டு வெளியே வந்தேன். மகன் வெறுங்காலோடு நின்றான். சப்பாத்துகள் இரண்டும் கையில் தொங்கின, நாடாவால் ஒன்றாகக் கட்டி, நீலம் மேலே தெரிய. என் கண் எங்கே போனது என்பதை அவன் கண்டுவிட்டான். நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா," என்றான், "நான் ஒருத்தருக்கும் தலையாட்டேல்லை."