டபுள் அத்தானும் அக்காவின் குரலும்

அத்தானுக்கு வீட்டில் வைத்த பெயர் டபுள். குடை இரண்டு, டார்ச் இரண்டு என்பதோடு நின்றிருந்தால் யாரும் பேர் வைத்திருக்க மாட்டார்கள். மனிதர் மூக்குக்கண்ணாடியையே ஒரே சட்டத்தில் இரண்டு வாங்கி, ஒன்றைப் போட்டுக்கொண்டு மற்றதைப் பையில் வைத்திருப்பார். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. "ஒரே ஒரு கயித்தை நம்பி யாரையும் மேல ஏத்த மாட்டேன்" என்பார். "அப்ப கல்யாணம் மட்டும் ஏன் எங்க அக்கா ஒருத்தியோட நின்னு போச்சு?" என்று அக்காவின் தங்கை சீண்டினால், சமையலறையிலிருந்து அக்கா கரண்டியோடு எட்டிப் பார்ப்பாள். அத்தான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

லேப்டாப் வாங்கியபோதும் அதே கூத்துதான். உள்ளே இருப்பது எந்தக் கம்பெனி டிஸ்க், என்ன அளவு என்று கேட்டு, அச்சு அசலாக அதே போல இன்னொன்றையும் வாங்கி இழுப்பறையில் போட்டார். அவ்வப்போது லேப்டாப் முழுவதையும் ஒரு வெளி டிஸ்க்கில் இமேஜ் எடுத்து வைப்பார். வேண்டிய கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுப்பதல்ல இமேஜ். அந்த நிமிடத்தில் உள்ளே என்ன இருக்கிறதோ, நல்லது கெட்டது பார்க்காமல் அத்தனையையும் அப்படியே பிடித்து வைப்பது. தங்கைக்கு இதெல்லாம் வேலையற்ற வேலையாகப் பட்டது.

பிறகு அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் பிழைப்பாள் என்றார் டாக்டர். அக்கா பாலர் வகுப்பு ஆசிரியை, நாள் முழுக்கப் பேசியே வாழ்ந்தவள். அழுது ஓய்ந்த பிறகு ஒரு காரியம் செய்தாள். எதிரொலி வராமல் இருக்கத் துணி அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, இனி தனக்கு வேண்டியிருக்கும் வாக்கியங்களை ஒவ்வொன்றாக லேப்டாப்பில் பதிந்தாள். தண்ணி வேணும். வலிக்குது. சாப்பிட்டியா? திரையில் பட்டனை அமுக்கினால் அவள் குரலே பேசும்.

பதிவு முடிந்த கையோடு அத்தான் ஒரு இமேஜ் எடுத்தார். அதற்குப் பின்தான் தங்கை உட்கார்ந்து, தடுமாற்றம், இருமல், இடையில் பேசியது என்று எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, வாக்கியங்களை மட்டும் சுத்தமாக வைத்தாள். அப்புறம் ஆஸ்பத்திரியே கதி என்று ஆகிவிட்டது. மறுபடி இமேஜ் எடுக்க யாருக்கு நினைவு இருக்கும்?

அக்கா குரலில்லாமல் வீடு திரும்பினாள். அவளுக்காக லேப்டாப் பேசியது. ஆனால் கொஞ்ச நாளில் அதன் டிஸ்க் மக்கர் செய்யத் தொடங்கியது. அத்தான் இழுப்பறையில் இருந்த டிஸ்க்கை எடுத்து வெளியே இணைத்தார். பழையதை அப்படியே புதியதற்கு நகலெடுத்தால் தீர்ந்தது.

திரையில் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போல நின்றன. அதே பெயர், அதே அளவு. எதிலிருந்து எதற்கு என்று நகலெடுக்கும் மென்பொருள் கேட்டது, அத்தான் காட்டினார். எழுதப்படும் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று எச்சரித்தது. காலி டிஸ்க்தானே, தாராளமாக அழியட்டும் என்று சம்மதித்தார். வேலை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. காலி டிஸ்க்கை, கடைசி மூலை வரைக்கும், அக்காவின் டிஸ்க் மேல் எழுதி முடித்தது.

லேப்டாப் கறுப்புத் திரையைக் காட்டிக்கொண்டு நின்றது.

"ஆரம்பத்துல ஒரு கீயை அமுக்கினா சரியாயிடும்னு சொல்வீங்களே அத்தான்?"

"அது மீட்புப் பகுதிம்மா. இதே டிஸ்க் ஓரத்துலதான் இருந்துச்சு, அதுவும் போச்சு. இருந்தாலும், கடையிலேருந்து வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படித்தான் ஆக்கும். கடையில உங்கக்கா குரல் ஏது?"

அக்கா வாசல்படியில் நின்று கறுப்புத் திரையைப் பார்த்தாள். கை தானாகக் கழுத்துக்குப் போனது. இப்போது அக்கா நினைத்தால்கூட இன்னொரு முறை பதிய முடியாது.

"பழைய இமேஜ் இருக்கு. லிஃப்ட் மெஷின் ரூம்ல வச்சிருக்கேன்" என்று அத்தான் எழுந்தார். "வீட்டுக்கே ஏதாவது ஆனாலும் தப்பிக்கட்டும்னு."

தங்கையும் கூடப் போனாள். அவர் வேலை பார்க்கும் கட்டடத்தின் உச்சியில், கிரீஸ் வாடை அடிக்கும் அறை. சக்கரத்தின் மேல் கனத்த கம்பிக் கயிறுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. இதில் எந்த ஒன்றும் தனியாகவே பெட்டியைத் தாங்கும் என்றார் அத்தான், பூட்டைத் திறந்தபடி. கீழே யார் யாரோ போனைப் பார்த்துக்கொண்டு ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். இத்தனை கயிறு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் இந்த மனிதரையா கேலி செய்தோம் என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

வீட்டில் புது டிஸ்க்கை லேப்டாப்புக்குள் பொருத்தி, இமேஜை அதில் இறக்கினார். பச்சைக் கோடு ஊர்ந்தது. கோடு முடிந்து, லேப்டாப் அணைந்து, மறுபடி எழுந்தது.

அக்கா பதிவை முடித்த அந்த மாலை திரும்பி வந்திருந்தது. அதே சுவர்ப்படம், அக்கா கண்டபடி இறைத்து வைத்திருந்த அதே ஐகான்கள். இல்லாமல் போன ஒரு நாள் இப்படி முழுசாக வந்து நிற்குமா என்று தங்கை வாய் பிளந்தாள். பதிவுகள் எல்லாம் இருந்தன, வெட்டுவதற்கு முன்பிருந்தபடி. திரும்ப முதலிலிருந்து வெட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒன்றைத் தட்டினாள்.

"தண்ணி வேணும்" என்றது அக்காவின் குரல். அதோடு நிற்கவில்லை. "ஏய், ஹேங்கர் மூக்குல இடிக்குதுடி!" என்று ஒரு கூச்சல். பிறகு சிரிப்பு. மூச்சு வாங்கி, அடங்கி, மறுபடி பீறிட்டுக்கொண்டு வரும் அக்காவின் சிரிப்பு.

தண்ணியும் வலியும் மருந்தும் பதிய வேண்டும் என்று யோசித்தவர்கள், சிரிப்பைப் பதிய வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. குப்பை என்று தூக்கிப் போட்ட அதை, இமேஜ் தன்பாட்டுக்கு வைத்திருந்தது. அக்காவின் தோள்கள் குலுங்கின. சத்தம் மட்டும் லேப்டாப்பிலிருந்து வந்தது. தங்கைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அக்கா அவளைத் தள்ளிவிட்டு லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள். சிரிப்பை மட்டும் தனியே வெட்டி எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். தண்ணிக்கும் மருந்துக்கும் முன்னால், முதல் பட்டனில் அதை வைக்கும்படி விரலால் காட்டினாள்.

அத்தான் இன்னும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "புத்தி வந்துச்சு. இனிமே சத்தியமா ஒரே மாதிரி ரெண்டு வாங்க மாட்டேன்" என்றார். "கறுப்பு ஒண்ணு, சிவப்பு ஒண்ணு வாங்கிக்கிறேன்."

அக்கா முதல் பட்டனை அமுக்கினாள்.